அடுத்த மார்வெல் படத்துல யார் வருவாங்க? காமிக்ஸை மூடிட்டு கான்ட்ராக்டைப் பாருங்க!

2025 மார்ச் 26. மார்வெல் ஸ்டுடியோஸ் யூடியூபில் ஒரு லைவ் போட்டது. வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நடிகரின் பெயர். ஒரு பெயர் வந்து, கொஞ்ச நேரம் கழித்து கேமரா மெதுவாக நகர்ந்து அடுத்த நாற்காலிக்குப் போகும். அவ்வளவுதான் மொத்த நிகழ்ச்சியும். 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தின் 27 நடிகர்களை அறிவிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ராபர்ட் டௌனி ஜூனியரே வந்து உட்கார்ந்தார். உலகம் முழுக்க ரசிகர்கள் வேலையை விட்டுட்டு நாற்காலியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

லைவ் முடிந்ததும் அடுத்த வேலை ஆரம்பம். யார் பெயர் இல்லை? ஹியூ ஜாக்மேன் எங்கே? டாம் ஹாலண்ட் எங்கே? எந்த காமிக்ஸ் இதழில் டூம் என்ன செய்தார், அதிலிருந்து இந்தப் படத்தின் கதை என்னவாக இருக்கும் என்று தியரிகள் கொட்ட ஆரம்பித்தன.

தியரி போடுவது ஜாலியான விஷயம்தான், அதில் சண்டையில்லை. ஆனால், நாம தேடுற இடம்தான் தப்பு. ஒரு சூப்பர் ஹீரோ படத்தில் யார் வருவார், யார் வரமாட்டார் என்பதற்கான பதில் பெரும்பாலும் கதைக்குள் இருப்பதில்லை. உரிமை ஒப்பந்தங்களில் இருக்கிறது, சில சமயம் ஸ்டுடியோவின் கணக்குப் புத்தகத்தில்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்ட நிறுவனம் மார்வெல். அந்தக் காலகட்டத்தில் பணத்துக்காகத் தன் ஹீரோக்களின் பட உரிமையை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஸ்பைடர்மேன் சோனிக்கு. எக்ஸ்மென் ஃபாக்ஸுக்கு. ஹல்க் யுனிவர்சலுக்கு. பெரிய குடும்பத்துச் சொத்து பாகப்பிரிவினை மாதிரி, ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு வீட்டில் வளர்ந்தார்கள்.

இந்தப் பாகப்பிரிவினை தெரிந்தால் பாதி மர்மம் காலி. 2008-ல் வந்த 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்'குக்குப் பிறகு ஹல்க்குக்குத் தனிப்படம் வராதது ஏன்? ஹல்க் தனிப்படம் எடுத்தால் விநியோக உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. அதனால்தான் அவர் அடுத்தவர் படத்திலேயே விருந்தாளியாக வந்துபோனார். அவருடைய புகழ்பெற்ற காமிக்ஸ் கதை ஒன்று 2017-ல் தோர் படத்துக்குள் ஒரு பகுதியாகச் சுருங்கியது. அந்த நாற்காலி லைவில் பேட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெலன் என்று பழைய எக்ஸ்மென் ஆட்கள் வந்தது எப்படி? 2019 மார்ச்சில் டிஸ்னி, ஃபாக்ஸின் சினிமா சொத்துகளை வாங்கிய 7,100 கோடி டாலர் டீல்தான் அதற்குக் கதவு திறந்தது. மல்டிவெர்ஸ் என்பதெல்லாம் அதற்குப் பிறகு சொல்லப்பட்ட காரணம்.

இந்த ஒப்பந்த உலகத்தின் விசித்திரமான பிள்ளை 1994-ல் பிறந்தது. இல்ல, பிறக்கவே விடல.

ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த பெர்ண்ட் ஐக்கிங்கர் 1980-களில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பட உரிமையை வாங்கினார். பெரிய பட்ஜெட் அமையவில்லை. 1992 முடிவதற்குள் படத்தைத் தொடங்காவிட்டால் உரிமை கையைவிட்டுப் போய்விடும். குறைந்த செலவில் படமெடுப்பதில் மன்னர் ரோஜர் கோர்மேனைப் பிடித்தார். சுமார் 10 லட்சம் டாலர் பட்ஜெட். ஓலி சாசோன் இயக்கம். கெடு முடிய சில நாட்களே இருக்கும்போது, 1992 டிசம்பர் கடைசியில் கேமரா ஓட ஆரம்பித்தது.

படம் எப்படி? டாக்டர் டூம் முகமூடிக்குள்ளிருந்து பேசுவது பல இடங்களில் புரியாது. ரீட் ரிச்சர்ட்ஸின் நீளும் கை, கிளைமாக்ஸில் திருமண காரின் மேல்கூரை வழியாக ஆடிக்கொண்டே டாட்டா காட்டும். கம்பில் மாட்டிய கையுறை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனா ஒரு விஷயம். நடித்தவர்கள் யாரும் இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு பேரும் ஒரு குடும்பம் என்ற உணர்வு, பின்னால் பல மடங்கு செலவில் வந்த 2015 படத்தைவிட இதில் அதிகம் என்பது என் கட்சி. சண்டைக்கு வரலாம்.

இசையமைப்பாளர்களான வுர்ஸ்ட் சகோதரர்கள் 48 பேர் கொண்ட இசைக்குழுவுக்காகச் சொந்தப் பணம் 6,000 டாலர் போட்டார்கள். நடிகர்கள் தாங்களாகவே ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தார்கள். 1994 ஜனவரியில் மினசோட்டாவில் ப்ரீமியர் என்று அறிவிப்பும் வந்தது. அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றது. படம் இன்றுவரை முறையாக ரிலீஸ் ஆகவில்லை. உரிமையைக் காப்பாற்றத்தான் எடுத்தார்கள், வெளியிடும் எண்ணமே ஆரம்பத்திலிருந்து கிடையாது என்று ஸ்டான் லீ சொன்னார். ஐக்கிங்கர் அதை மறுத்தார். எது உண்மையாக இருந்தாலும், உரிமை பத்திரமாக இருந்தது. 2005-ல் ஃபாக்ஸ் வெளியிட்ட பெரிய பட்ஜெட் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தயாரிப்பாளர்களில் ஐக்கிங்கரும் ஒருவர். திருட்டு வீடியோ கேசட்டில்தான் 1994 படம் ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2025-ல் மார்வெலே எடுத்த 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' படத்தில் அந்தப் பழைய நான்கு நடிகர்களும் சில நொடிகள் தலைகாட்டினார்கள். எத்தனை பேர் கவனித்தோமோ!

இதே வகையில் இன்னொன்று 'மோர்பியஸ்'. ஸ்பைடர்மேன் உரிமை கையில் இருக்கும்வரை அவர் எதிரிகளை வைத்தாவது படம் எடுப்போம் என்று சோனி கிளம்பியது. ஸ்பைடர்மேன் இல்லாத ஸ்பைடர்மேன் உலகம். ட்ரெய்லரில் சுவரில் ஸ்பைடர்மேன் படம் வரைந்திருந்ததைப் பார்த்து ரசிகர்கள் பக்கம் பக்கமாகத் தியரி எழுதினார்கள். 2022-ல் படம் வந்தபோது அந்தச் சுவரே அதில் இல்லை. தியரி போட்டவர்கள் தப்பில்லைங்க. துப்பே போலி. பிறகு படத்தைக் கலாய்த்து மீம்கள் பறந்ததும், ஜூனில் 1,000-க்கும் அதிகமான தியேட்டர்களில் மறுபடி ரிலீஸ் செய்தார்கள். அந்த வார இறுதி வசூல் சுமார் 3 லட்சம் டாலர்! மீம் போடுறவங்க டிக்கெட் எடுக்க மாட்டாங்க என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, கான்ட்ராக்டைப் படித்தால் எல்லாம் சரியாகக் கணித்துவிடலாமா? முடியாது. 2021-ல் 'வாண்டாவிஷன்' தொடரில், ஃபாக்ஸின் எக்ஸ்மென் படங்களில் குயிக்சில்வராக நடித்த இவான் பீட்டர்ஸ் திடீரென்று கதவைத் தட்டினார். ஃபாக்ஸ் டீல் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். எக்ஸ்மென் வந்துட்டாங்க என்று நினைத்தது நியாயமான கணிப்பு. கடைசியில் அவர் ரால்ஃப் போனர் என்ற சாதாரண ஆள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ரசிகரின் கணிப்பை வைத்தே ஸ்டுடியோ விளையாடியது. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

காங் விஷயம் வேறு மாதிரி. 2021-லிருந்து அவரைச் சுற்றித்தான் அடுத்த அவெஞ்சர்ஸ் என்று எல்லாம் கட்டப்பட்டது. 2023 டிசம்பரில், தாக்குதல் வழக்கில் ஜொனாதன் மேஜர்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த அன்றே மார்வெல் அவரை நீக்கியது. 'தி காங் டைனஸ்டி' என்ற தலைப்பு போனது; 2024 ஜூலையில் டௌனி டூம் முகமூடியைக் கழற்றினார். எந்தக் காமிக்ஸிலிருந்தும் இதைக் கணித்திருக்க முடியாது.

தியரி பொய்த்தால் நமக்குப் போவது சில மணி நேரம். வேலை செய்தவர்களுக்கு? 2022 ஆகஸ்டில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி 'பேட்கேர்ள்' படத்தை ரத்து செய்தது. சுமார் 9 கோடி டாலர் செலவு, கிளாஸ்கோவில் படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் இருந்த படம். மைக்கேல் கீட்டன் மறுபடி பேட்மேனாக நடித்திருந்தார். வெளியிட்டால் வருவதைவிட, நஷ்டமாக எழுதி வரியில் கழிப்பது லாபம் என்ற கணக்குதான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. இயக்குநர்கள் அடில் எல் அர்பியும் பிலால் ஃபல்லாவும் அடிலின் திருமணத்துக்காக மொராக்கோவில் இருந்தபோது செய்தி வந்தது. சர்வரில் இருக்கும் படத்தை மொபைலிலாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று லாகின் செய்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் அதற்குள் நீக்கிவிட்டிருந்தார்கள்.

அதே நிறுவனம் 2023-ல் கிடப்பில் போட்ட 'கொயோட்டி வெர்சஸ் ஆக்மி'யை ரசிகர்களும் திரைக்கலைஞர்களும் விடாமல் சத்தம் போட்டதில், 2025-ல் கெட்சம் என்டர்டெயின்மென்ட் வாங்கியது. பேட்கேர்ளுக்கு அப்படி யாரும் வரவில்லை. 1994-ன் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்காவது திருட்டு கேசட் இருந்தது.