நான்கு உள்ளங்கை நிலம்



ஆரணியில் பட்டு வாங்க வருவோர் பெரும்பாலும் கரையையும் முந்தானையையும் பார்ப்பர். தறியறிந்தவரோ சேலையைத் திருப்பிப் போட்டு, பாவும் ஊடையும் இணைந்த விதத்தைப் பார்ப்பார். காரின் டயரும் ஒருவகை நெசவுப் பொருளே. வெளியே தெரிவது கருப்பு ரப்பர். உள்ளே ரேடியல் டயரில் பாலியஸ்டர் முதலிய இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடுகின்றன. அவற்றின்மீது எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றப்பட்டிருக்கின்றன.

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி மகிழும் இளைஞர்கள் சிலர் நம்மிடையே உள்ளனர். டயர் மாற்றும் வேளையில் அவர்களிடம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "பட்டன் தேயவே இல்லையே, ஏன் மாற்ற வேண்டும்?" என்பது ஒன்று. "மாற்றுவதானால் பந்தய டயரையே போட்டால் என்ன?" என்பது மற்றொன்று.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். பந்தயத்திற்கும் தமிழகத்திற்கும் நெடுங்கால உறவு உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னாளில் பந்தய டயர்களையும் செய்யலாயிற்று.

ஆனால் உலர்ந்த தடத்திற்கான பந்தய டயர் மென்மையான ரப்பரால் ஆனது, வரிப்பள்ளம் அற்றது. நன்கு சூடேறினால்தான் அதன் பிடிப்பு முழுமையாகும். மழை வந்தால் பந்தயக் குழுவினர் அதைக் கழற்றிவிட்டு வேறு டயர் மாட்டுவர். ஐப்பசி மழையில் வேலூர்ச் சாலையில் செல்பவருக்கு அந்த வசதி ஏது? நீரை வெளியேற்றப் பள்ளங்கள் இல்லையெனில் சக்கரம் நீரின்மேல் மிதக்கும். அந்நிலையில் பிரேக்கும் உதவாது, ஸ்டியரிங்கும் உதவாது. சாலையில் ஓட்டத் தகுதியுடையதென விற்கப்படும் பாதிப் பந்தய டயர்களுக்கும் பள்ளங்கள் குறைவே. ஆகவே தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈரச் சாலையில் நன்கு பிடிக்கும் சாலை டயரே ஏற்றது.

இனி முதல் கேள்வி. காருக்குரிய டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது பள்ளம் இருக்கவேண்டும் என்பது விதி. மொட்டை டயரின் ஆபத்தை எவரும் அறிவர். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையில் நிற்பது. அதன் டயர் தேய்மானத்தால் சாவதைவிட முதுமையால் சாவதே மிகுதி. வெப்பமும் காற்றும் ரப்பரை இறுகச் செய்கின்றன. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. பள்ளம் ஆழமாகவே இருக்கும். பிடிப்பு மட்டும் போயிருக்கும். பார்வைக்குப் புதிது போலிருப்பதே அதன் பெரிய ஏமாற்று.

டயரின் வயதை அதன் பக்கச் சுவரே சொல்லும். நீள்வட்டக் கட்டத்துள் 3222 என்றிருந்தால், 2022ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்து ஆண்டு கடந்ததை ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும். பத்து ஆண்டு கடந்தது எவ்வளவு அழகாயிருந்தாலும் விலக்கத்தக்கது. புதிது என்று கடைக்காரர் தருவதிலும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குக.

அடுத்து அளவு. 205/55 ஆர் 16 91வி என்றிருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு; ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், 'வி' என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். "நாம் எண்பதுக்குமேல் ஓட்டுவதில்லையே, 'டி' எழுத்தே போதாதா?" எனச் சிக்கனம் பேசுவோர் உண்டு. அவ்வெழுத்து வேகத்தை மட்டுமன்று, வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலையும் சுட்டுகிறது. எனவே கார் செய்தவர் குறித்த எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கலாகாது. தோற்றத்திற்காக அகலமான டயரைத் திணிப்பதும் தவறு. அது மட்கார்டில் உரசலாம். மொத்த விட்டம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும்.

நான்கையும் ஒரே வகையாக மாற்றுவது நலம். இயலாதெனில் ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுக. நான்கும் ஒரே அளவாயின் புதிய இணை பின்புறம் இருக்கட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் காரை மீட்பது அரிது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காண்க. பிறர் கழற்றிய பழைய டயரை நாடாதீர். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அளவின்படி சரிபார்க்கவும்.

பெற்றோருக்கு ஒரு சொல். மகன் காருக்கு வண்ணம் பூசவும் பாட்டுப்பெட்டி பொருத்தவும் பணம் கேட்டால், டயரின் தேதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு டயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. எத்தனை குதிரைத்திறன் கொண்ட எஞ்சினாயினும், உள்ளே அமர்ந்திருப்போர் எத்தனை பேராயினும், அவர்களைத் தாங்கி நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கை நிலமே. செலவை அங்கிருந்து தொடங்குவதே அறிவுடைமை.