கையெழுத்துக்குக் காத்திருக்கும் மரணம்

தேறமாட்டார்கள் என்று மருத்துவம் கைவிட்ட நோயாளிகளிடமிருந்து உயிர்காப்புச் சிகிச்சையை எப்போது விலக்கிக்கொள்ளலாம் என்பதற்கு 2024இல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20 வரை கருத்துச் சொல்லலாம் என்றார்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் அப்போதைய தலைவர் ஆர்.வி.அசோகன் உடனே எதிர்த்தார். இது மருத்துவர்களை வழக்குக்கும் மன அழுத்தத்துக்கும் ஆளாக்கும் என்றார். மறுபக்கம், கருணைக்கொலைக்குப் பின்வாசல் திறக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கொதித்தது. இரு தரப்பும் வரைவின் முதல் நிபந்தனையைத் தாண்டி ஓடிவிட்டன. என்னை எழுத உட்கார வைத்தது அந்த முதல் நிபந்தனைதான்.

யாரிடமிருந்து சிகிச்சையை விலக்கலாம் என்று சொல்லவரும் இடத்தில், மூளைத்தண்டுச் சாவு, அதாவது மூளைச்சாவு, அடைந்ததாக அறிவிக்கப்பட்டவரை முதலில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வரிகளில் வருபவர்கள் தீராத நோயாளிகள், உயிரோடு இருப்பவர்கள். அவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து, 2023 ஜனவரியில் எளிதாக்கிய நடைமுறை இருக்கிறது. மூன்று மருத்துவர்கள் கொண்ட முதல் குழு, அதைச் சரிபார்க்க இன்னொரு குழு, குடும்பத்தின் சம்மதம் என்று அத்தனை காவலும் அவர்களுக்குத் தேவை. ஏனென்றால் அங்கே ஓர் உயிர் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர் இந்த வரிசையில் ஏன் நிற்கிறார்? நம் நாட்டுச் சட்டமே அவரை இறந்தவர் என்கிறது. இறந்தவருக்குச் சிகிச்சையை நிறுத்த யார் அனுமதி தர வேண்டும்?

குழப்பம் இந்த வரைவில் பிறந்ததல்ல. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டுச் சாவையும் இதயம் நின்றுபோவதையும் சமமாக மரணம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால், அது உறுப்பு மாற்றுக்காக எழுதப்பட்ட சட்டம். இறப்பைப் பதிவுசெய்யும் 1969ஆம் ஆண்டின் சட்டமோ, உயிரின் எல்லா அறிகுறிகளும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்பதோடு நின்றுகொண்டது. அங்கே மூளை என்ற சொல்லே கிடையாது. ஒரே நாட்டில் மரணத்துக்கு இரண்டு இலக்கணம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இது எப்படி முடிகிறது என்று பாருங்கள். இரு சக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர். பரிசோதனைகள் முடிந்து மூளைச்சாவு என்று உறுதியாகிறது. குடும்பம் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்திட்டால் அவர் இறந்தவர். இறந்த நேரம் குறிக்கப்படும், சான்றிதழ் வரும், மாலை மரியாதையோடு வழியனுப்புவார்கள். கையெழுத்திடாவிட்டால்? அதே படுக்கை, அதே உடல், அதே பரிசோதனை முடிவு. ஆனால் பல மருத்துவமனைகளில் வென்டிலேட்டரை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. கேஸ் ஷீட்டில் ‘கவலைக்கிடம்’ என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். இதயம் தானாக நிற்கும்வரை நாள்கள் ஓடுகின்றன, பில்லும் ஓடுகிறது. “நீங்க சொல்றதுதாங்க, எடுத்துரலாமா?” என்று தாயிடம் கேட்கிறார்கள். பெற்ற பிள்ளையின் மூச்சை நிறுத்தச் சொல்லும் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டுகிறது நம் சட்டம். மூச்சு நின்று ஒரு நாள் ஆகிவிட்டது என்பதை அவளிடம் தெளிவாகச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

மூளைச்சாவை உறுதிசெய்வது ஏதோ ஊகம் என்று நினைப்பவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதலில், மயக்க மருந்தோ விஷமோ உடல் குளிர்ந்துபோனதோ இந்த நிலைக்குக் காரணம் இல்லை என்று தெளிவாக்க வேண்டும். பிறகு கண்ணில் ஒளி பாய்ச்சிப் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். விழிப்படலத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். காதுக்குள் பனிக்குளிர் நீரைச் செலுத்துவார்கள். மூளைத்தண்டு இயங்கினால் விழிகள் நகரும். தொண்டையைத் தூண்டி இருமல் வருகிறதா என்று சோதிப்பார்கள். கடைசியாக மூச்சுப் பரிசோதனை. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியே ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏற விடுவார்கள். அந்த வாயு ஒரு வரம்பைத் தாண்டினால், துளி உயிர் மிஞ்சியிருக்கும் மூளைத்தண்டும் ஒரு மூச்சாவது இழுக்கும். மார்பு அசையவே இல்லை என்றால்தான் முடிவு. ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவையில் பங்கெடுப்பவர் அதில் இருக்கக் கூடாது. நாடி பிடித்துப் பார்த்து ‘போய்விட்டார்’ என்று சொல்லும் சாதாரண மரணத்துக்கு இதில் நூறில் ஒரு பங்குச் சோதனைகூட நாம் கேட்பதில்லை.

கோமாவில் பல ஆண்டுகள் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தாரே என்பார்கள். கோமா வேறு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் 1973 முதல் 2015 வரை படுக்கையில் இருந்த அருணா ஷான்பாக் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல. அவர் தானாக மூச்சுவிட்டார். இறப்பதற்கு முந்தைய கடைசி நாள்களில்தான் வென்டிலேட்டர் வைக்கப்பட்டது. 2011இல் அவர் வழக்கில் வந்த தீர்ப்பு உயிரோடு இருந்த ஒருவரைப் பற்றியது. அதைக் கொண்டுவந்து மூளைச்சாவோடு முடிச்சுப்போடுபவர்கள் இரண்டையும் படிக்கவில்லை.

அமெரிக்காவின் ஓக்லாந்தில் 2013 டிசம்பரில் மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட 13 வயதுச் சிறுமியையும் இழுப்பார்கள். குடும்பம் ஏற்கவில்லை. மத நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவை மறுக்கச் சட்டம் இடம் தரும் நியூ ஜெர்ஸிக்குக் கொண்டுபோனார்கள். 2018 ஜூன் வரை அவளது உடல் இயங்கியது, பருவமடைந்ததாகவும் சொன்னார்கள். அரிய நிகழ்வு அது. உடலில் சில சுரப்பிகள் வேலைசெய்வதும் ஒரு மனுஷி உயிரோடிருப்பதும் ஒன்றல்ல. அவள் ஒருத்தியை வைத்து 1968இல் ஹார்வர்டு குழு முதன்முதலில் வகுத்த கருத்தையே கவிழ்த்துவிடலாம் என்பது வாதத்துக்கே உதவாது.

திரைப்படக்காரர்களை அவ்வளவு எளிதாக விட என்னால் முடியவில்லை. மலையாளத்தில் 2018இல் ‘ஜோசப்’, அதைத் தழுவித் தமிழில் 2022இல் ‘விசித்திரன்’, அதற்கு முன்பே ‘காக்கிச் சட்டை’. உறுப்புக்காக மூளைச்சாவை உண்டாக்குகிறார்கள் என்ற கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனவை இவை. அரசு மருத்துவமனை வராந்தாவில் பித்துப் பிடித்தாற்போல் நிற்கும் ஒரு தகப்பனின் மனதில் அந்த நேரத்தில் ஓடுவது மருத்துவர் சொல்லும் விளக்கமா, இந்தப் படங்களின் காட்சியா?

இனி கேரளத்தின் கணக்கு. இந்த விவகாரத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு இதுதான். சொல்வதை நிறுத்தப்போவதும் இல்லை. 2012இல் அங்கே உறுப்பு தானத்துக்கான மிருதசஞ்சீவனி திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு மூளைச்சாவு அடைந்து உறுப்பு தந்தவர்கள் 9 பேர். 2013இல் 36. 2014இல் 58. 2015இல் 76. 2016இல் 72. அடுத்த ஆண்டு 18. அதற்கு அடுத்த ஆண்டு, 2018இல், 8. மூன்றே ஆண்டுகளில் 76இலிருந்து 8. கேரளத்துச் சாலைகளில் விபத்து குறைந்துவிட்டதா? மக்களின் ஈரம் வற்றிவிட்டதா? இல்லை. தனியார் மருத்துவமனைகள் பொய்யாக மூளைச்சாவு அறிவிக்கின்றன என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம்வரை போனது. குழுவில் அரசு மருத்துவர் வேண்டும், பரிசோதனையைக் காணொளியில் பதிவுசெய்ய வேண்டும் என்று கட்டுப்பாடுகள் இறுகின. மருத்துவர்கள் பயந்தார்கள். மூளைச்சாவு என்று தெரிந்தும் அறிவிக்காமல் விட்டார்கள். அறிவிக்காவிட்டால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, அறிவித்தால்தான் வம்பு. இந்த 76க்கும் 8க்கும் நடுவில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் காத்திருந்து செத்தவர்களின் பெயர் எந்த மனுவிலும் இல்லை.

2020 ஜனவரியில் கேரளம் விழித்துக்கொண்டது. மூளைச்சாவு மரணம்தான், உறுப்பு தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதை அறிவிக்க வேண்டும், கருவியை விலக்கலாம் என்று அரசாணை போட்டது. நாட்டிலேயே முதல் மாநிலம். அந்த ஆணை வந்தும் எண்ணிக்கை ஏறவில்லையே, 2023இல் 19தானே என்று கேட்கலாம். உடைந்த நம்பிக்கை ஓர் ஆணையில் ஒட்டாது. மாநில ஆணைக்கு மேலே, 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

ஜப்பானும் இதே தவற்றைச் செய்து பார்த்தது. 1968இல் சப்போரோவில் நடந்த இதய மாற்று அறுவையில், இதயம் தந்தவர் உண்மையில் இறந்திருந்தாரா என்ற சந்தேகம் கிளம்பி, அறுவை செய்தவர்மீது கொலைப் புகார்வரை போனது. 1997வரை அந்த நாடு மூளைச்சாவுக்குச் சட்டமே இயற்றவில்லை. இயற்றியபோதும், உறுப்பு தர எழுதிவைத்தவருக்கு மட்டும் மூளைச்சாவு மரணம் என்று வைத்தது. அடுத்த 13 ஆண்டுகளில் உறுப்பு தந்தவர்கள் நூறைத் தொடவில்லை. மரணத்தை உறுப்போடு கட்டிப்போட்டால் மக்கள் இரண்டையுமே சந்தேகிப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட நியாயம் உண்டு. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த நாளிலிருந்து, இந்த மாநிலம் நாட்டுக்கு வழிகாட்டியது. 2023இல் 178 பேர் உறுப்பு தந்திருக்கிறார்கள். அவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். தலைவணங்க வேண்டிய செயல். ஆனால் தர மனமில்லாத குடும்பமும் துக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு மரணச் செய்திகூடச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. ‘மூளைச்சாவு’ என்ற பேச்சை உறுப்பு கேட்கும் வேளையில் மட்டுமே காதில் கேட்கும் மக்கள், உறுப்புக்காகத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? சந்தேகத்தின் வேர் சினிமாவைவிடவும் வழக்குகளைவிடவும் ஆழமாக இந்தச் சட்ட ஓட்டையில் இருக்கிறது. அதை அடைத்தால் பெரும்பகுதி சந்தேகம் அடங்கிவிடும்.

அடைக்க வாய்ப்பு வந்தது. 2023இல் நாடாளுமன்றம் அதே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. ஆதாரைச் சேர்த்தார்கள், மின்னணுச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள், தேசியத் தரவுத்தளம் அமைத்தார்கள். இறப்பு என்றால் என்ன என்ற வரியைத் தொடவில்லை. அவையில் ஓர் உறுப்பினராவது மூளைச்சாவைப் பற்றி வலுவாகப் பேசியிருந்தால் அந்த வரைவில் இந்தக் கோணல் இருந்திருக்காது. மருத்துவச் சங்கமும் இதற்காகத்தான் போராடியிருக்க வேண்டும். சிலவற்றை நோயாளிக்கும் உறவினருக்கும் மருத்துவருக்கும் விட்டுவிடுங்கள் என்று அதன் தலைவர் சொன்னது, பயந்து கையெழுத்திடாமல் விடும் இளம் மருத்துவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

செய்ய வேண்டியவை இரண்டு. மத்திய அரசு இந்த வரைவிலிருந்து மூளைச்சாவை நீக்கி, 1969ஆம் ஆண்டின் சட்டத்தில் அதை மரணம் என்று சேர்க்க வேண்டும். ஒரே ஒரு கூட்டத்தொடரே போதும். தமிழ்நாடு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறப்பு இறப்புப் பதிவு பொதுப் பட்டியலில் இருக்கிறது. கேரளத்தின் ஆணை கண்முன் இருக்கிறது. மூளைச்சாவு உறுதியான ஒவ்வொருவருக்கும், உறுப்பு தானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, இறந்த நேரம் குறித்த சான்றிதழைக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும் என்று இங்கேயும் ஆணையிடலாம். இந்த மாதமே இடலாம்.