ஆப் நம்மைக் கவனிக்கலாமா? கேட்டுவிட்டுக் கவனிக்கட்டும்!

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். இதுபோன்ற குப்பங்களில் வலை, எரிபொருள் மாதிரியே இப்போது செல்போனும் தொழில் சாமான்தான். காற்றின் வேகம் என்ன, அலை எவ்வளவு உயரம், மீன் எந்தப் பக்கம் கிடைக்கலாம் என்பதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' போன்ற ஆப்கள் தமிழிலேயே சொல்கின்றன. இதற்கான கடல் தகவல்களைத் தருவது ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' மையம்.

கடலைப் பற்றி மீனவருக்கு ஆப் சொல்கிறது. பதிலுக்கு, மீனவரைப் பற்றி ஆப் தயாரிப்பாளர் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்?

எதையெல்லாம் சேகரிக்கிறார்கள்?

பொதுவாக, ஆப்பை எப்போது திறந்தீர்கள், எந்தப் பட்டனைத் தொட்டீர்கள், எந்த மாடல் போன், எங்கே ஆப் 'க்ராஷ்' ஆனது என்பதெல்லாம் பயன்பாட்டுத் தரவு. 'டெலிமெட்ரி' என்பதும் இதைத்தான். சில ஆப்கள் இதோடு இருப்பிடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இது தேவையா?

தேவைதான். ஏசி அறையில் புது போனில் ஓடும் ஆப், பழைய போனில், சிக்னல் விட்டுவிட்டு வரும் கடலில் திணறலாம். புயல் எச்சரிக்கைப் பக்கம் திறக்காமல் நின்றுபோனால் அது வெறும் தொழில்நுட்பக் கோளாறு இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. போனைத் தூக்கிக்கொண்டு புகார் கொடுக்க யாரும் போகப் போவதில்லை. கோளாறு தானாகத் தயாரிப்பாளருக்குத் தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்.

அப்புறம் என்ன பிரச்னை?

கோளாறைச் சரிசெய்ய போன் மாடல் போதும். படகு நின்ற இடம் எதற்கு? நல்ல மீன் கிடைக்கும் இடம் மீனவரின் அனுபவச் சொத்து. அதைப் பக்கத்துப் படகுக்குக்கூட லேசில் சொல்ல மாட்டார். தினமும் பதிவாகும் இருப்பிடத்தைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ரகசியம் ஒரு வரைபடமாகிவிடும்.

"பெயரை நீக்கிவிட்டோம்" என்ற பதிலும் போதாது. 2017 நவம்பரில் 'ஸ்ட்ராவா' என்ற உடற்பயிற்சி ஆப், பயனாளர்கள் ஓடிய பாதைகளைப் பெயரில்லாமல் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவ முகாம்களின் உருவமே அதில் பளிச்சென்று தெரிந்தது. ஆள் பெயர் இல்லை. இடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் வந்தது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது அது. சட்டமே ஒரு உதாரணம் தருகிறது: டாக்டரிடம் பேச உதவும் ஆப், போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, பயனாளர் 'ஓகே' அழுத்திவிடுகிறார். அப்படியும் அந்தச் சம்மதம் மருத்துவச் சேவைக்கு மட்டும்தான்.

அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை தயாரிப்பாளர்கள் சும்மா இருக்க வேண்டுமா என்ன?

செய்ய வேண்டியது

கோளாறுத் தகவலுக்கு ஒரு சம்மதம், இருப்பிடத்துக்குத் தனிச் சம்மதம் என்று பிரித்துக் கேட்கட்டும். 'வேண்டாம்' என்றவருக்கும் வானிலை எச்சரிக்கை கிடைக்கட்டும். வேலை முடிந்த தரவை அழிக்கட்டும்.

முக்கியமாக, சேகரித்ததைப் பயனாளருக்கும் காட்டட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, படகும் வலையும் பாழாகி மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியவில்லை. எங்கே மீன் பிடித்தோம், எத்தனை நாள் முடங்கினோம் என்ற பதிவு அப்படிப்பட்ட நேரத்தில் நிவாரணம் கேட்கக் கை கொடுக்கும். அந்தப் பதிவு யாரோ ஒருவரின் சர்வரில் மட்டும் இருந்தால் மீனவருக்கு என்ன லாபம்?

தயாரிப்பாளர்கள் மாறும்வரை நாம் ஒன்று செய்யலாம். போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்பின் இருப்பிட அனுமதியையும் பாருங்கள். 'எப்போதும்' என்று இருந்தால், தேவையில்லாதவற்றை 'பயன்படுத்தும்போது மட்டும்' என மாற்றிவிடுங்கள்.