செடி ஒண்ணு, டீ எத்தனை?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ‘ஒரு டீ’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. லைட்டா, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா, இஞ்சியா, லெமனா என்று இன்கம்டாக்ஸ் ஆபீசர் மாதிரி விசாரணை நடக்கும். போதாக்குறைக்கு இப்போது கிரீன் டீ, ஒயிட் டீ, ஊலாங் வேறு.

மிரளாதீர்கள். எல்லாம் கமேலியா சைனென்சிஸ் என்கிற ஒரே செடியின் பிள்ளைகள். வளர்ப்புதான் வேறே! பறித்ததும் சூடு காட்டி உலர்த்தினால் கிரீன் டீ. இளம் மொட்டை நசுக்காமல் உலர்த்தினால் ஒயிட் டீ. நசுங்கிய இலை காற்றுபட்டு முழுசாகக் கறுத்தால் பிளாக் டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங்... நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி! துளசி டீ, செம்பருத்தி டீ எல்லாம் பெயர் மாற்றிக்கொண்ட கஷாயம்.

கடையில் நாம் குடிப்பது பெரும்பாலும் சி.டி.சி. டஸ்ட். 1930-களில் அஸ்ஸாமில் பிறந்த முறை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுவார்கள். மாசக் கடைசியில் நம் சம்பளத்துக்கு நடப்பதேதான். அதனால்தான் சட்டென்று சாயம் இறங்கி, பாலையும் மீறி நிற்கிறது.

இனி சீரியஸ். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். கொழுந்தில் கம்மி, முற்றிய இலையில் ஜாஸ்தி. நம் மாவட்டத்தில் பல ஊர் போர் தண்ணியிலும் அதே ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ரொம்பத் தாண்டினால் சின்ன வயசில் பல்லில் பழுப்புக் கறை. பல வருஷம் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

‘நாங்க கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறோம்?’ என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாகும். பி.காம். பாஷையில் சொன்னால், தண்ணியில் ஒரு வரவு, தூளில் ஒரு வரவு. உடம்பில் தங்குவது கிட்டத்தட்ட முழுக்க எலும்பிலும் பல்லிலும் ஃபிக்ஸட் டெபாசிட்!

டீயை விடச் சொல்லவில்லை. அது என்னாலேயே ஆகாது. வீட்டில் ஒகேனக்கல் தண்ணியில் போடுங்கள். மணிக்கணக்கில் கொதிக்க விடாதீர்கள். ஆபீசுக்கு ஃபிளாஸ்க் கொண்டு வருகிறவரிடம், ‘எந்தத் தண்ணி அண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். அறுபது வயசில் கீழே விழுந்த டம்ளரைக் குனிந்து எடுக்க நமக்கு முதுகு வளையணுமே சார்!