இல்லாத விளக்கை ஏன் போட வேண்டும்?



கம்ப்யூட்டரில் வீட்டின் உள்பக்கத்தைப் படமாக்குவது பற்றி இந்த முறை எழுதுகிறேன். "அது இன்ஜினியருங்க வேலை, நமக்கு எதுக்கு?" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு படம் வரலாம்.

மதுரையில் என் சித்தப்பா கடன் வாங்கி வீடு கட்டினார். கட்டும் முன்னே, படம் போடுகிறவர் ஹாலின் வண்ணப்படம் ஒன்றைக் கொடுத்தார். தெற்கு ஜன்னல் வழியாகத் தங்கம் மாதிரி வெயில்! மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம்! சித்தி அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார். வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று, பகல் 12 மணிக்கு அந்த ஹாலில் டியூப்லைட் எரிந்தது. சித்தி ஒன்றுதான் கேட்டார்: "படத்துல இருந்த வீடு எங்கங்க?" சித்தப்பா பதில் சொல்லவில்லை.

நான் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால் சோபாவின் நிழல் உள்பக்கம்தானே விழணும்? படத்தில் அது ஜன்னலைப் பார்த்து விழுந்திருந்தது! அப்படியென்றால் நமக்குப் பின்னால் எங்கேயோ ஒரு விளக்கு ஒளிந்திருக்கிறது. இன்னொன்று, மூன்றடி தள்ளி நிற்கும் பக்கத்து மாடி வீடு படத்தில் இல்லவே இல்லை.

நம் பள்ளி லேபில் இருக்கும் பிளெண்டர் மென்பொருளில் (இது இலவசம்) அதே ஹாலை நானே செய்தேன். பக்கத்து வீட்டுச் சுவரையும் 20 அடிக்கு எழுப்பினேன். ஒரு படம் வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்தது என்ன தெரியுமா? சித்தி வீட்டு ஹால், அதே இருட்டோடு! ஆக, மென்பொருள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வைத்தது நாம்தான்.

இதில் கணக்கும் இருக்கிறது. மதுரை சுமார் 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழி தொடக்கத்தில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும்போதுகூட, நண்பகலில் அது தரையிலிருந்து சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். சந்து 3 அடி. tan 57 சுமார் 1.54. பெருக்கினால் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். அதாவது 20 அடிச் சுவரின் உச்சி மட்டத்திலிருந்து நாலரை அடி கீழே வரைதான் வெயில் இறங்கும். நம் ஜன்னலோ தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்! ஆனி மாதத்தில் கேட்கவே வேண்டாம், உச்சிச் சூரியன் தலைக்கு வடபக்கம் போய்விடும். "ட்ரிக்னாமெட்ரி எதுக்கு உதவும்?" என்று கேட்பவர்கள் கவனிக்கவும்!

வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுப் படமாக்குவது விளையாட்டாகப் பிறந்ததல்ல. 1984-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், பக்கச் சுவர்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்த ஒரு வெறும் பெட்டியைக் கணினியில் வரைந்தார்கள். ஒரு சுவரின் நிறம் பக்கத்தில் இருப்பதன் மேலும் லேசாகப் படிந்தது. பிறகு நிஜப் பெட்டி ஒன்றையே செய்து, கணினிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1986-ல் ஜேம்ஸ் கஜியா என்பவர் இதற்கான பொதுச் சமன்பாட்டை வெளியிட்டார். நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. நமக்கோ 'பளபள'ன்னு இருக்கிறதா என்பதுதான் கேள்வி!

என் தோழி கேட்டாள்: "கல்யாண போட்டோவுக்குக்கூடத்தான் லைட் பிடிக்கறாங்க. அதுல என்னடி தப்பு?" நல்ல கேள்விதான். ஆனால் கல்யாணப் பெண் நேரில் இருக்கிறாள், போட்டோ அவளுடைய நினைவுக்கு. கட்டாத வீட்டைப் பார்க்க நமக்கு அந்தப் படம் ஒன்றுதான் கண். அந்தக் கண்ணே பொய் சொன்னால்? உண்மை முன்பே தெரிந்திருந்தால் கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு விட்டிருக்கலாம். இப்போது காங்கிரீட்டை உடைக்கணும்!

கற்றுக்கொள்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்:

1. ஊர், திசை, மாதம், மணி பார்த்துச் சூரியனை வையுங்கள்.

2. பக்கத்து வீட்டையும் மரத்தையும் அழிக்காதீர்கள்.

3. வெள்ளைச் சுவர் முழு ஒளியையும் திருப்பாது. நல்ல வெள்ளையே சுமார் 80 சதவீதம்தான். சிவப்புத் தரை போட்டால் சுவரின் அடிப்பக்கம் லேசாகச் சிவக்கும், அதுவும் வரட்டும்.

4. நிஜத்தில் மாட்டப் போகும் விளக்கை மட்டும் போடுங்கள்.

5. இருட்டாக இருந்தால் கேமராவின் எக்ஸ்போஷரைக் கூட்டலாம். நம் கண்ணும் இருட்டுக்குப் பழகுகிறதே! அப்போது ஜன்னல் வெளுத்துப்போகும். போகட்டும், அறை இருட்டு என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக ஒரு உண்மை. போன கண்காட்சியில் நான் வைத்த 'நம் புதிய நூலகம்' படத்துக்கு எல்லோரும் கை தட்டினீர்கள். அதில் ஆறு ஒளி விளக்குகளை ஒளித்து வைத்திருந்தேன். மன்னிக்கவும்! அவற்றை எடுத்துவிட்டு மறுபடி செய்த படத்தை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். மேற்கு மூலை இருட்டாகத்தான் இருக்கிறது. படிக்கிற மேசையை அங்கே போடக் கூடாது என்று இப்போதாவது தெரிகிறது அல்லவா?

கை தட்டு வாங்கும் படத்தைவிட, மேசையைச் சரியான இடத்தில் போட வைக்கும் படமே நல்ல படம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த இதழுக்கு எழுதுங்கள்!

— 11ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி