விதைநெல்லுக்குத் தனிக் குதிர்



"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது பழமொழி. இது கணினிக்கும் பொருந்தும்.

தமிழக அரசு 15-9-2011 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாக நார்த்தாமலை போன்ற சிற்றூர்களிலும் கணினி நுழைந்தது. அவற்றுள் பலவற்றில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. ஒரே வன்தட்டைப் பிரிவுகளாகப் பிரித்ததனால் இது இயன்றது.

கணினி கெட்டுப்போனால், "அனைத்தையும் அழித்து, ஒரே 'சி' பிரிவாகப் போட்டுவிடலாம்" என்று சிலர் கூறுவர். இது சரியன்று என்பதே என் கருத்து.

நம் ஊர் உழவர் விதைநெல்லையும் உண்ணும் நெல்லையும் ஒரே குதிரில் கொட்டுவாரோ? விண்டோஸ் உண்ணும் நெல். தீர்ந்தால் மீண்டும் பெறலாம். அக்காவின் சான்றிதழ் நகல்களும், மறைந்த பாட்டியின் படமும் விதைநெல், போனால் வாரா. அவற்றை 'டி' பிரிவில் வைத்தால், மறுமுறை நிறுவும்போது 'சி'யை மட்டும் அழித்தால் போதும்.

"பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கம் வீணாகக் கிடக்குமே?" என்பர். உண்மைதான். ஆகவே நான்கைந்தாகக் கூறு போட வேண்டாம், இரண்டே போதும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜி.பி. தேவை. பின்னர் வரும் புதுப்பிப்புகளையும் எண்ணி, 256 ஜி.பி. தட்டில் 'சி'க்கு 120 அளவில் ஒதுக்கலாம்.

பிரிவுக் கணக்கை எழுதிவைக்கும் முறைகளும் இரண்டு. 1983-இல் வந்த எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பிரிவுகள் நான்குதான், 2 டி.பி.க்கு மேல் கையாளாது. ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பிரிவுகள் வரை ஏற்கும். அட்டவணையின் நகலொன்று தட்டின் இறுதியிலும் இருக்கும். புதிய கணினிக்கு இதுவே ஏற்றது. ஆனால் நிறுவும்போது முறையை மாற்றினால், பொதுவாகத் தட்டு முழுவதையும் அழிக்க நேரிடும். எனவே முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்! 'டி' பிரிவு காப்புப் படி அன்று. வீடே தீப்பற்றினால் இரு குதிர்களும் எரியும்; தட்டே பழுதானால் இரு பிரிவுகளும் போகும். பென் டிரைவிலோ வேறு தட்டிலோ இன்னொரு படி இருக்கட்டும்.

பெற்றோரே! கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன், "எதை அழிப்பீர்கள்?" என்று கேளுங்கள். அழிக்க ஒரு நிமிடம் போதும். சேர்க்க ஆண்டுகள் ஆகும்.