ஆவணத்தில் எழுதிவைத்தால் பிழை பிழையில்லை என்றாகுமா?

ஒரு நிரல்தொகுப்பில் வழுவைக் கண்டு முறையிடுகிறவருக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்றுண்டு: 'இது ஆவணத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது, இது வழுவல்ல, இயல்பு.' முறையீடு அத்துடன் மூடப்படும். இந்தப் பதிலை நாம் ஏற்பதற்கில்லை.

பைடார்ச்சின் கதையையே எடுத்துக்கொள்வோம். இயந்திரக் கற்றலில் ஈடுபட்டோர் பரவலாகக் கையாளும் தொகுப்பு அது. பயிற்சியின்போது ஒரே படத்தை ஒவ்வொரு முறையும் சற்றே திருப்பியும் வெட்டியும் காட்டுவது வழக்கம். எவ்வளவு திருப்புவது என்பதைத் தற்செயல் எண்கள் தீர்மானிக்கும். வேகம் கருதி, தரவை ஏற்றும் வேலையை 'வொர்க்கர்' எனப்படும் துணை இயக்கங்கள் பகிர்ந்துகொள்ளும். லினக்ஸில் இவை தாய் இயக்கத்தின் நகல்களாகவே பிறந்தன. நம்பை நூலகத்தின் தற்செயல் எண் நிலையும் கூடவே நகலானது. விளைவாக, எல்லா வொர்க்கர்களும் ஒரே எண்களை எடுத்தன. அடுத்த சுற்றிலும் பெரும்பாலும் அவையே திரும்பின. நால்வர் தனித்தனியே பகடை உருட்டுவதாக எண்ணியிருக்க, உருண்டது ஒரே பகடை.

2018லேயே இது முறையிடப்பட்டது. ஆவணத்தின் கேள்வி-பதில் பகுதியில் எச்சரிக்கையும் இருந்தது. பயன் என்ன? 2021 ஏப்ரலில் ஒருவர், பைடார்ச்சைப் பயன்படுத்தும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுக் களஞ்சியங்களைத் திரட்டி, அவற்றுள் நம்பையின் தற்செயல் எண்களையும் பல வொர்க்கர்களையும் சேர்த்துப் பயன்படுத்தியவற்றை மட்டும் ஆராய்ந்தார். 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் இந்த வழு இருந்தது. பைடார்ச்சின் அதிகாரபூர்வப் பாடமும் அதற்கு விலக்கல்ல. அதே ஆண்டு ஜூனில் வெளியான 1.9 பதிப்பில்தான் வொர்க்கர் ஒவ்வொன்றுக்கும் தனி விதை தரப்பட்டது.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இடறினால் குறை நடப்பவர் காலில் இல்லை, படியில் இருக்கிறது. 'இங்கே இடறும்' என்று பலகை மாட்டுவது படியைச் செப்பனிடுவதாகாது.

நின்றுபோகும் நிரல் தன் பிழையைத் தானே அறிவித்துவிடும். இந்த வகை வழுவோ வாய் திறப்பதில்லை. பயிற்சி நடக்கிறது, இழப்பு குறைகிறது, மதிப்பெண் வருகிறது, கட்டுரையும் அச்சேறுகிறது. மாதிரி கற்றிருக்க வேண்டிய அளவு கற்கவில்லை என்பது மட்டும் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. ஆகவே முறையீடு ஒன்றே அந்தப் பிழைக்குக் குரல்.

பராமரிப்போரின் நேரம் அளவுக்குட்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. 'வேலை செய்யவில்லை' என்ற இரு சொல் முறையீடு அவர்களுக்குச் சுமையே. பதிப்பு எண், விதை, வழுவை மீண்டும் காட்டும் மிகச் சிறிய நிரல் ஆகியவற்றைத் தருவது முறையிடுகிறவரின் கடமை. இந்த வழுவைக் காட்டப் பத்து வரிகள்கூடத் தேவைப்படவில்லை. அதைக் கண்டும் தம் நிரலில் மட்டும் ஒரு வரியைச் சேர்த்துத் தப்பித்துக்கொண்டு மௌனமாகப் போனவர்களுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு.

முறையீட்டை மூடுமுன் பராமரிப்போர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இதை அறியாதவருக்கு, அவர் அறியாமலே, தவறான விடை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது வழுதான். எந்த ஆவணமும் அதை இயல்பாக்கிவிடாது.